எக்ஸ்எம்எல் எடிட்டரின் டூல்ஸ் மெனு: எது படிக்கும், எது எழுதும்

எக்ஸ்எம்எல் (உரையையும் தரவையும் டேக்குகளால் குறியிட்டு வைக்கும் ஆவண வடிவம்) எடிட்டரில் டூல்ஸ் மெனுவைத் திறந்தால் வேலிடேட், ஃபார்மேட், எக்ஸ்பாத், டிரான்ஸ்ஃபார்ம், ரீஃபாக்டர், கம்பேர், சைன் என்று பெரிய பட்டியல் தொங்கும். அதில் இருக்கும் வரிசைக்கும் நாம் வேலை செய்ய வேண்டிய வரிசைக்கும் சம்பந்தமே இருக்காது. அதனால் முதலில் மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். சரிபார்ப்பு (வேலிடேட்), எக்ஸ்பாத் தேடல் (ஆவணத்தின் பகுதிகளைப் பாதை எழுதித் தேடுவது), ஒப்பீடு (கம்பேர்) ஆகியவை கோப்பைப் படிக்க மட்டுமே செய்யும். எத்தனை முறை அழுத்தினாலும் ஆபத்தில்லை. ஃபார்மேட், ரீஃபாக்டர் (டேக் அமைப்பைப் பல இடங்களில் ஒருசேர மாற்றுவது), கையொப்பம் (சைன், கோப்பு பிறகு மாறவில்லை என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) ஆகியவை கோப்பை எழுதும். இரண்டாம் வகையைத் தொடும்முன் கோப்பைச் சேமித்து, கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டில் கமிட் செய்துவிடுங்கள் (அப்போதைய நிலையைப் பதிந்துவைப்பது). திறந்திருக்கும் ஒரு கோப்பில் செய்ததைத்தான் கண்ட்ரோல்+இசட் பழையபடி ஆக்கும். மூடியிருந்த நூறு கோப்புகளில் நடந்த மாற்றத்துக்கு அது உதவாது.

பெயர்களும் இடங்களும் எடிட்டருக்கு எடிட்டர் மாறும். ஆக்சிஜனில் வேலிடேட்டும் ஃபார்மேட்டும் டாக்குமென்ட் மெனுவில் இருக்கின்றன. ஒப்பீடு, ரீஃபாக்டரிங், கையொப்பம் டூல்ஸ் மெனுவில். நோட்பேட்++ வைத்திருப்பவர்கள் ‘எக்ஸ்எம்எல் டூல்ஸ்’ என்ற பிளகினை நிறுவினால் இவற்றில் பாதி பிளகின்ஸ் மெனுவின் கீழ் வந்துவிடும். விஎஸ் கோடில் மெனுவைத் தேட வேண்டாம், கட்டளைப் பலகையில் பெயரைத் தட்டினால் போதும். கருவி செய்யும் வேலை எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

கீழே வரும் எடுத்துக்காட்டுகளுக்கு இந்தச் சிறிய ஆவணம் போதும்:

<கையேடு>
  <பகுதி அடையாளம்="ப-14">
    <தலைப்பு>பம்பைக் கழற்றுதல்</தலைப்பு>
    <தேதி>2024-03-05</தேதி>
    <படி>மின்சாரத்தை நிறுத்தவும்.</படி>
    <படி>நான்கு போல்ட்டுகளையும் கழற்றவும்.</படி>
  </பகுதி>
</கையேடு>

<படி> போன்றது டேக். திறக்கும் டேக்கும் மூடும் டேக்கும் இடையில் இருப்பதும் சேர்ந்தது ஓர் எலிமென்ட். அடையாளம்="ப-14" என்பது அட்ரிபியூட். எல்லாவற்றையும் சூழ்ந்திருக்கும் கையேடுதான் வேர் எலிமென்ட். டேக் பெயர்கள் தமிழில் இருப்பது விளங்குவதற்காக மட்டுமல்ல. 1998இல் வந்த எக்ஸ்எம்எல் 1.0 முதற்கொண்டே இது செல்லும். ஆனாலும் நடைமுறையில் பெரும்பாலான ஸ்கீமாக்கள் (எந்த எலிமென்ட் எங்கே வரலாம் என்று சொல்லும் விதிக் கோப்புகள்) ஆங்கிலப் பெயர்களோடுதான் வரும்.

முதல் வேலை: இலக்கணம் சரியா?

‘வெல்-ஃபார்ம்டு’ சோதனை என்று மெனுவில் இருப்பது இதுதான். நோட்பேட்++ பிளகினில் இதன் பெயர் ‘செக் எக்ஸ்எம்எல் சின்டாக்ஸ்’. டேக்குகள் திறந்த வரிசைக்குத் தலைகீழாக மூடியிருக்கின்றனவா, அட்ரிபியூட் மதிப்புகளுக்கு மேற்கோள் இருக்கிறதா, வேர் எலிமென்ட் ஒன்றே ஒன்றா என்று மட்டும் பார்க்கும். ஸ்கீமா தேவையில்லை.

இங்கே பலரைக் குழப்புவது, எப்போதும் ஒரே ஒரு பிழைதான் காட்டும் என்பது. திருத்தினால் அடுத்த பிழை முளைக்கும். கருவியில் கோளாறு ஏதும் இல்லை. இலக்கணப் பிழை கண்டவுடன் பார்சர் (கோப்பை வாசித்துப் பிரிக்கும் நிரல்) ஆவணத்தை வழக்கம்போல் தொடர்ந்து வாசிக்கக் கூடாது என்பது எக்ஸ்எம்எல் விதி. ஒன்றைத் திருத்து, மறுபடி ஓட்டு, அடுத்ததைத் திருத்து. வேறு வழி இல்லை.

காட்டப்படும் வரி எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். 12ஆம் வரியில் <படி> மூடாமல் விட்டிருந்தால், பார்சர் அதை உணர்வது 40ஆம் வரியில் </பகுதி> வரும்போதுதான். செய்தியில் எந்த எலிமென்டின் பெயர் இருக்கிறதோ அது திறந்த இடத்திலிருந்து கீழ்நோக்கித் தேடுங்கள்.

அடிக்கடி வரும் செய்திகள் சில:

‘கன்டென்ட் இஸ் நாட் அலௌடு இன் ப்ரோலாக்.’ ஆவணம் தொடங்கும்முன் ஏதோ எழுத்து நிற்கிறது என்று பொருள். மின்னஞ்சலிலிருந்து ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று வந்திருக்கலாம். அல்லது தவறான கோப்பையே பார்சருக்குக் கொடுத்திருக்கலாம். எக்ஸ்எம்எல் அறிவிப்பு வரி (பதிப்பையும் எழுத்துக் குறியாக்கத்தையும் சொல்வது) கோப்பின் முதல் எழுத்திலேயே தொடங்க வேண்டும். அதற்கு மேலே ஒரு வெற்று வரி இருந்தாலும் பிழைதான், செய்தி மட்டும் வேறாக இருக்கும்.

‘இன்வேலிட் பைட் 2 ஆஃப் 3-பைட் யுடிஎஃப்-8 சீக்வென்ஸ்.’ அறிவிப்பு வரி யுடிஎஃப்-8 என்கிறது, கோப்பு உண்மையில் வேறு குறியாக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கிறது. அறிவிப்பு வரியை மாற்றினால் கோப்பு மாறிவிடாது. எடிட்டரில் சரியான குறியாக்கத்தைச் சொல்லி மறுபடி திறந்து, பிறகு யுடிஎஃப்-8இல் சேமியுங்கள். பழைய தமிழ் எழுத்துருக் குறியாக்கத்தில் இருந்த உரை என்றால் இதுவும் போதாது. முதலில் யுனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

‘&’ குறி. உரைக்குள் தனியாக நிற்க அதற்கு அனுமதியில்லை. &#38; என்று எழுதுங்கள். ‘<’ குறிக்கு &#60;. இணைய முகவரிகளை அட்ரிபியூட்டில் ஒட்டும்போது இந்தப் பிழை அடிக்கடி வரும், ஏனென்றால் முகவரியின் நடுவே ‘&’ ஒளிந்திருக்கும்.

இரண்டாவது: ஸ்கீமாவை இணைத்து வேலிடேட் செய்தல்

இலக்கணம் தேறிய பிறகுதான் இதற்கு வர வேண்டும். வேலிடேட் என்பது, ‘இந்த இடத்தில் இந்த எலிமென்ட் வரலாமா, அதன் மதிப்பு ஏற்புடையதா’ என்ற கேள்வி. பதில் சொல்ல ஸ்கீமா வேண்டும்.

1. மெனுவில் ‘அசோசியேட் ஸ்கீமா’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
2. ஸ்கீமா வகையைச் சொல்லுங்கள்: டிடிடி, எக்ஸ்எஸ்டி, ரிலாக்ஸ் என்ஜி, ஸ்கீமட்ரான்.
3. கோப்பின் பாதையைச் சார்புப் பாதையாக (ஆவணம் இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடுவதாக) கொடுங்கள். முழுப் பாதை உங்கள் கணினியில் மட்டும் வேலை செய்யும். ஆவணத்தை இன்னொருவருக்கு அனுப்பிய நிமிடமே உடையும்.
4. வேலிடேட்டை ஓட்டுங்கள்.

மூன்றாம் படியில் எடிட்டர் உங்கள் ஆவணத்தின் தலைப்பகுதியில் ஒரு வரியைச் சேர்க்கும் என்பதை மறக்க வேண்டாம். அது பிடிக்கவில்லை என்றால் புராஜெக்ட் அமைப்பில் ‘வேலிடேஷன் சினாரியோ’ வைத்துக்கொள்ளலாம். அப்போது ஆவணத்தில் எதுவும் எழுதப்படாது.

ஸ்கீமா வகைகளுக்குள் ஒரு வேலைப் பங்கீடு உண்டு. டிடிடிக்கு நேம்ஸ்பேஸ் (ஒரே பெயருள்ள எலிமென்டுகள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்று பிரித்துக் காட்டும் முகவரி) தெரியாது. எலிமென்டின் உரை தேதியா எண்ணா என்றும் பார்க்காது. எக்ஸ்எஸ்டி, ரிலாக்ஸ் என்ஜி இரண்டும் அமைப்பையும் தரவு வகையையும் பார்க்கும். ‘எச்சரிக்கை இருந்தால் அது முதல் படிக்கு முன்னால் இருக்க வேண்டும், தேதி வெளியீட்டுத் தேதியைத் தாண்டக் கூடாது’ போன்ற குறுக்குவிதிகளுக்கு ஸ்கீமட்ரான்தான் தோதானது. ஒரே ஆவணத்துக்கு ரிலாக்ஸ் என்ஜி ஒன்றும் ஸ்கீமட்ரான் ஒன்றும் சேர்த்து இணைப்பது வழக்கமான ஏற்பாடு.

இந்தச் சோதனையில் பார்சர் நிற்காது. எல்லாப் பிழைகளையும் பட்டியலிடும். இருநூறு பிழை என்று பயமுறுத்தும். மேலே இருப்பதைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் பாதி காணாமல் போயிருக்கும்.

எக்ஸ்எஸ்டி பிழைகள் ‘சிவிசி’ என்று தொடங்கும் குறியீட்டோடு வரும். நான்கைந்தைத் தெரிந்துகொண்டால் போதும்:

• சிவிசி-இஎல்டி.1: இந்த எலிமென்டுக்கு அறிவிப்பே இல்லை. வேர் எலிமென்டில் இது வந்தால் ஸ்கீமா கிடைக்கவில்லை, அல்லது நேம்ஸ்பேஸ் ஒரு எழுத்து பிசகியிருக்கிறது. ஆவணத்தைத் தொடாமல் தலைப்பகுதியைப் பாருங்கள்.

• சிவிசி-காம்ப்ளெக்ஸ்-டைப் 2.4.ஏ: இங்கே இது வரக் கூடாது, இன்னது எதிர்பார்க்கப்பட்டது. <தேதி> விடுபட்டிருந்தால் பிழைக்கோடு விழுவது அதற்கு அடுத்து வரும் <படி>யில். படி குற்றவாளி அல்ல. ‘எதிர்பார்க்கப்பட்டது’ என்ற பட்டியலை முதலில் படியுங்கள். விடை அங்கே இருக்கும்.

• அதே வரிசையில் 2.4.பி: எலிமென்ட் முடிந்துவிட்டது, உள்ளே கட்டாயமாக வர வேண்டியது வரவில்லை.

• சிவிசி-டேட்டாடைப்: மதிப்பின் வடிவம் தவறு. 05-03-2024 என்று எழுதினால் விழும். எக்ஸ்எஸ்டியின் தேதி வகைக்கு ஆண்டு-மாதம்-நாள், 2024-03-05.

• சிவிசி-ஐடி.1: சுட்டப்பட்ட அடையாளம் ஆவணத்தில் இல்லை. சிவிசி-ஐடி.2: ஒரே அடையாளம் இரண்டு இடத்தில். அடையாள மதிப்பு எண்ணில் தொடங்கவும் கூடாது: ‘ப-14’ செல்லும், ‘14-ப’ செல்லாது.

தமிழ் உரைக்கே உரிய இரண்டு சிக்கல்கள் இங்கே தலைகாட்டும். தலைப்புக்கு நீள வரம்பு வைக்கும்போது ஸ்கீமா எண்ணுவது யுனிகோட் குறிகளை. நாம் எண்ணுவது எழுத்துகளை. ‘பம்பைக் கழற்றுதல்’ இடைவெளியோடு நம் கணக்கில் 11, ஸ்கீமாவின் கணக்கில் 17. உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் இந்த வித்தியாசம். 20 என்று வரம்பு வைத்துவிட்டு ‘தலைப்பு சின்னதாகத்தானே இருக்கிறது’ என்று முழிக்க வேண்டாம்.

இரண்டாவது இதைவிடக் கெட்டது. ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் பார்சருக்கு வெவ்வேறு சொற்கள். அடையாளம் ஒரு வடிவத்திலும் சுட்டுதல் மற்றொரு வடிவத்திலும் இருந்தால் சிவிசி-ஐடி.1 வரும், கண்ணை எவ்வளவு கசக்கினாலும் காரணம் தெரியாது. எடிட்டரில் யுனிகோட் நார்மலைஸ் வசதி இருந்தால் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவம்) மாற்றுங்கள். இல்லையென்றால் சந்தேகமான சொல்லை ஒரு முறை தட்டி, எல்லா இடத்திலும் அதையே நகலெடுத்து ஒட்டுங்கள்.

வேலிடேஷன் இழுத்துக்கொண்டே போனால் ஸ்கீமா இணையத்திலிருந்து இறங்குகிறது என்று அர்த்தம். 2008இல், வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி தன் தளத்திலுள்ள டிடிடி போன்ற கோப்புகளுக்கு ஒரு நாளில் 13 கோடி வரை கோரிக்கைகள் வருவதாகச் சொல்லி, நகலை உள்ளூரில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. அதைச் செய்யும் வழி எக்ஸ்எம்எல் கேட்டலாக்: ‘இந்த முகவரியைக் கேட்டால் வட்டில் உள்ள இந்தக் கோப்பைக் கொடு’ என்று சொல்லும் சிறு கோப்பு. எடிட்டரின் விருப்பங்களில் அதைச் சேர்த்துவிட்டால் இணையம் இல்லாமலும் வேலிடேட் ஓடும்.

எக்ஸ்பாத்: தேடலும் ஒத்திகையும்

எக்ஸ்பாத் பெட்டியைப் பலரும் தேடல் பெட்டியாக மட்டும் பார்க்கிறார்கள். பின்னால் ரீஃபாக்டர் செய்யப்போகும் இடங்களை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் ஒத்திகை மேடையும் அதுதான். எழுதும் கருவியை ஓட்டும்முன் அதே பாதையை இங்கே ஓட்டுங்கள். 38 இடம் என்று எதிர்பார்த்தால் 38 வர வேண்டும்.

//பகுதி/படி[1] என்று கேட்டால் ஒவ்வொரு பகுதியின் முதல் படியும் வரும். ஆவணத்தின் முதல் படி மட்டும் வேண்டும் என்றால் (//பகுதி/படி)[1]. அடைப்புக்குறி இல்லாமல் எழுதிவிட்டு நூறு விடை வந்ததும் திகைப்பது எல்லோருக்கும் நேர்வது.

//படம்[@விளக்கம்=''] என்பது விளக்கம் காலியாக உள்ள படங்களைத்தான் பிடிக்கும். அந்த அட்ரிபியூட்டே இல்லாத படங்கள் தப்பிவிடும். //படம்[@மொழி!='தமிழ்'] என்பதிலும் அதே பொறி: மொழி குறிப்பிடப்படாத படங்கள் வராது. அவையும் வேண்டும் என்றால் ‘நாட்’ ஃபங்ஷனுக்குள் @மொழி='தமிழ்' என்ற நிபந்தனையை வைக்க வேண்டும்.

எதைக் கேட்டாலும் பூஜ்யம் விடை வந்தால் காரணம் பத்தில் ஒன்பது முறை நேம்ஸ்பேஸ். வேர் எலிமென்டில் முன்னொட்டு இல்லாத நேம்ஸ்பேஸ் அறிவிப்பு இருந்தால் //பகுதி என்ற பாதை எதையும் பிடிக்காது, ஏனென்றால் அது நேம்ஸ்பேஸ் இல்லாத பகுதியைத் தேடுகிறது. எக்ஸ்பாத் விருப்பங்களில் அந்த நேம்ஸ்பேஸுக்கு ‘க’ என்றோ வேறு எதுவோ ஒரு முன்னொட்டு கொடுத்து //க:பகுதி என்று கேளுங்கள். எக்ஸ்பாத் 2.0 அல்லது அதற்கு மேல் என்றால் அவசரத்துக்கு //*:பகுதி என்றும் எழுதலாம். சில எடிட்டர்கள் இந்தச் சிக்கலைத் தாமாகவே சமாளித்துக் காட்டும். அதே பாதையை எக்ஸ்எஸ்எல்டி (ஆவணத்தை வேறு வடிவாக்கும் விதிகளை எழுதும் மொழி) கோப்பில் போட்டதும் வேலை செய்யாமல் போவது அதனால்தான்.

ஃபார்மேட்: பார்க்க அழகு, உள்ளே வெட்டு

‘ஃபார்மேட் அண்ட் இன்டென்ட்’ அல்லது ‘ப்ரெட்டி பிரின்ட்’. மெனுவில் அதிகம் அழுத்தப்படும் எழுதும் கருவி. ஒரே வரியில் வந்த தரவுக் கோப்பைப் பிரித்துப் படிக்க இதைவிட நல்லது இல்லை. ஆவண உரையில் வைத்தால் சங்கடம்.

எலிமென்டுகளும் உரையும் கலந்து வரும் இடங்களில் இடைவெளிக்குப் பொருள் உண்டு. ஒட்டுமொழியான தமிழில் இது உடனே பல்லிளிக்கும். இதைப் பாருங்கள்:

<படி>பழைய <அழுத்தம்>கோப்பு</அழுத்தம்>களை நீக்கவும்.</படி>

ஸ்கீமா தெரியாத ஒரு ஃபார்மேட்டர் இதை இப்படி உடைக்கலாம்:

<படி>
  பழைய
  <அழுத்தம்>கோப்பு</அழுத்தம்>
  களை நீக்கவும்.
</படி>

வெளியீட்டில் வரி முறிவும் உள்தள்ளலும் ஓர் இடைவெளியாகச் சுருங்கி, ‘பழைய கோப்பு களை நீக்கவும்’ என்று அச்சாகும். தோட்டக்கலைக் கையேட்டில் என்றால் யாரும் கண்டுபிடிக்கவே மாட்டார்கள். ஆவணம் வேலிடேஷனில் தேறிவிடும் என்பதுதான் இதில் மோசம். எந்தச் சோதனையும் காட்டிக்கொடுக்காது.

இதைத் தவிர்க்க:

1. ஸ்கீமாவை இணைத்த பிறகே ஃபார்மேட் செய்யுங்கள். ஸ்கீமாவைப் படிக்கும் ஃபார்மேட்டர் எந்த எலிமென்டில் கலப்பு உள்ளடக்கம் வரும் என்று அறிந்து அங்கே கைவைக்காது.
2. ஃபார்மேட் அமைப்பில் எலிமென்ட் பட்டியல் கொடுக்கும் வசதி இருந்தால் படி, பத்தி, நிரல் போன்றவற்றைக் கலப்பு அல்லது ‘ப்ரிசர்வ்’ (இடைவெளியை அப்படியே காக்கும்) பட்டியலில் சேருங்கள்.
3. நிரல் துண்டு போன்ற இடங்களில் எக்ஸ்எம்எல்:ஸ்பேஸ் அட்ரிபியூட்டுக்கு ‘ப்ரிசர்வ்’ மதிப்பு கொடுங்கள். ஒழுங்கான கருவிகள் இதை மதிக்கும். உங்கள் கருவி மதிக்கிறதா என்று சிறு கோப்பில் சோதித்துவிடுங்கள்.
4. முதல் முறை ஓட்டியதும், இடைவெளி வித்தியாசத்தைப் புறக்கணிக்காத சாதாரண உரை ஒப்பீட்டில் முன்னும் பின்னும் பாருங்கள்.

ஃபார்மேட் மட்டும் தனிக் கமிட்டாக இருக்கட்டும். உள்ளடக்கத் திருத்தத்தோடு சேர்த்துப் போட்டால், மூன்று சொல் மாறியதைக் காண மூவாயிரம் வரி மாற்றத்தைப் புரட்ட வேண்டியிருக்கும்.

‘லீனியரைஸ்’ என்பது இதற்கு எதிர்: எல்லாவற்றையும் ஒரே வரியாக்கும். அனுப்பும் கோப்பின் அளவு குறைய உதவும். எடிட் செய்யும் மூலக் கோப்பில் அது வேண்டவே வேண்டாம்.

ரீஃபாக்டர்: நூறு கோப்பில் ஒரே மாற்றம்

எலிமென்டின் பெயரை மாற்றுவது, அட்ரிபியூட் சேர்ப்பது, ஓர் எலிமென்டைச் சுற்றி இன்னொன்றைப் போர்த்துவது, உறையை மட்டும் உரித்துவிட்டு உள்ளிருப்பதை வைத்துக்கொள்வது எல்லாம் இங்கே. சாதாரணக் ‘கண்டுபிடி-மாற்று’ போதாதா என்று கேட்டால், <பெயர் என்பதை <தலைப்பு என்று மாற்றிப் பாருங்கள். <பெயர்ச்சொல்> இருந்த இடமெல்லாம் <தலைப்புச்சொல்> போல ஏதோ ஒரு கோலத்தில் கிடக்கும், மூடும் டேக்குகள் பழையபடி நிற்கும். ரீஃபாக்டர் எலிமென்டை எலிமென்டாகப் பார்க்கிறது. உரையில் வரும் ‘பெயர்’ என்ற சொல்லைத் தொடாது.

1. மாற்றப்போகும் இடங்களை எக்ஸ்பாத்தில் எண்ணுங்கள். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. எல்லாக் கோப்புகளையும் சேமித்து, கமிட் செய்யுங்கள். திறந்திருக்கும் கோப்பில் சேமிக்காத மாற்றம் இருந்தால் கருவி வட்டில் உள்ள பழைய பதிப்பை மாற்றிவிட்டு மோதலில் கொண்டுபோய் நிறுத்தலாம்.
3. ரீஃபாக்டரிங்கில் செயலைத் தேர்ந்தெடுத்து, எக்ஸ்பாத்தையோ எலிமென்ட் பெயரையோ கொடுங்கள். நேம்ஸ்பேஸ் கட்டம் தனியாக இருக்கும். அதைக் காலியாக விட்டால் ‘நேம்ஸ்பேஸ் இல்லை’ என்று பொருளா, ‘எதுவானாலும் சரி’ என்று பொருளா என்பதைப் பாருங்கள்.
4. எல்லையைத் தேர்ந்தெடுங்கள்: இந்தக் கோப்பு, இந்தக் கோப்புறை, புராஜெக்ட் முழுவதும். கூடவே கோப்பு வடிகட்டியையும் பாருங்கள். காப்புநகல் கோப்புறையும் எல்லைக்குள் வந்தால் காப்புநகலும் மாறிப்போகும்.
5. ‘ப்ரிவியூ’. இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். எண்ணிக்கை முதல் படியில் குறித்ததோடு பொருந்த வேண்டும்.
6. ஓட்டிய பிறகு மொத்தத் தொகுப்பையும் வேலிடேட் செய்யுங்கள்.

ரீஃபாக்டருக்குத் தெரியாதவை சில உண்டு. எக்ஸ்எஸ்எல்டி கோப்புகளில் பாதையாக எழுதப்பட்ட பழைய பெயர், ஸ்கீமாவில் உள்ள பெயர், சிஎஸ்எஸ் தெரிவிகள், வேறு நிரல்களுக்குள் புதைந்த எக்ஸ்பாத் ஆகியவை தாமாக மாறா. ஸ்கீமாவையும் எக்ஸ்எஸ்எல்டியையும் அதே நாளில் கையோடு திருத்துங்கள். அடையாள மதிப்பை மாற்றினால் அதைச் சுட்டும் இடங்களும் மாற வேண்டும். அதற்கென்று தனிச் செயல் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

டிரான்ஸ்ஃபார்ம்: எக்ஸ்எஸ்எல்டி ஓட்டுதல்

மூன்று விஷயம் கொடுக்க வேண்டும்: மூல ஆவணம், ஸ்டைல்ஷீட் (மாற்ற விதிகள் உள்ள எக்ஸ்எஸ்எல்டி கோப்பு), புராசசர் (அந்த விதிகளை ஓட்டும் நிரல்). மூன்றாவதைத்தான் எல்லோரும் இயல்பு அமைப்பில் விட்டுவிடுவார்கள். எக்ஸ்எஸ்எல்டி 1.0 வந்தது 1999, 2.0 வந்தது 2007, 3.0 வந்தது 2017. லிப்எக்ஸ்எஸ்எல்டி புராசசர் 1.0 மட்டுமே அறியும். சாக்ஸனின் இன்றைய பதிப்புகள் 3.0 வரை அறியும். ஸ்டைல்ஷீட்டின் வேர் எலிமென்டில் உள்ள பதிப்பு எண்ணைப் பார்த்துப் புராசசரைத் தேர்ந்தெடுங்கள். ‘தெரியாத ஃபங்ஷன்’ என்ற பிழை பெரும்பாலும் 2.0 ஸ்டைல்ஷீட்டை 1.0 புராசசரிடம் கொடுத்ததால் வருவது.

பிழை ஏதும் இல்லை, ஆனால் வெளியீட்டில் டேக்கே இல்லாமல் ஆவணத்தின் உரை மொத்தமும் ஒரே குவியலாகக் கொட்டிக் கிடக்கிறதா? உங்கள் டெம்ப்ளேட் (‘இந்த எலிமென்ட் வந்தால் இப்படி எழுது’ என்ற விதி) எதுவும் பொருந்தவில்லை. பொருந்தாதபோது எக்ஸ்எஸ்எல்டியின் உள்ளமைந்த விதிகள் உரையை மட்டும் கடத்திவிடும். மறுபடி நேம்ஸ்பேஸ்தான், ஸ்டைல்ஷீட்டில் முன்னொட்டை அறிவித்து டெம்ப்ளேட் பாதைகளில் சேருங்கள்.

எக்ஸ்எஸ்எல்டி வழியாக மூல ஆவணத்தையே திருத்தி எழுதுவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘எல்லாவற்றையும் அப்படியே நகலெடு’ என்று எழுதினாலும் சில தொலையும்: டாக்டைப் வரி (டிடிடியைச் சுட்டும் தொடக்க வரி), சிடேட்டா உறைகள் (உள்ளிருப்பதை டேக்காக வாசிக்காதே என்று சொல்பவை), என்டிட்டிக் குறிப்புகள் (வேறு உரையாக விரியும், ‘&’ குறியில் தொடங்கும் சுருக்கப் பெயர்கள்), அட்ரிபியூட்டைச் சுற்றியிருந்தது ஒற்றை மேற்கோளா இரட்டை மேற்கோளா என்பது. பார்சர் இவற்றைக் கரைத்துவிட்டுத்தான் ஸ்டைல்ஷீட்டிடம் ஆவணத்தைக் கொடுக்கிறது. போதாக்குறைக்கு, டிடிடியில் இயல்பு மதிப்பு உள்ள அட்ரிபியூட்டுகள் எழுதப்படாத இடங்களிலும் எழுதப்பட்டுவிடும். அதனால் வெளியீட்டை எப்போதும் வேறு கோப்பில் எழுதி, ஒப்பிட்டுப் பார்த்து, பிறகு மாற்றுங்கள்.

ஒப்பீடு

சாதாரண உரை ஒப்பீடு வரிகளைப் பார்க்கும். எக்ஸ்எம்எல் ஒப்பீடு, எலிமென்டுகள் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த மரத்தைப் பார்க்கும். அட்ரிபியூட்டுகளின் வரிசை மாறியிருந்தால் எக்ஸ்எம்எல்லைப் பொறுத்தவரை மாற்றமே இல்லை, மரம் பார்க்கும் ஒப்பீடு அதைச் சரியாக விட்டுவிடும். இடைவெளி, கமென்ட், முன்னொட்டுப் பெயர் ஆகியவற்றைப் புறக்கணிக்கவும் தேர்வுகள் உண்டு. முதல் சுற்றில் எல்லாவற்றையும் புறக்கணித்து உள்ளடக்க மாற்றங்களைப் பாருங்கள். இரண்டாம் சுற்றில் இடைவெளித் தேர்வை மட்டும் திருப்பிப் போடுங்கள். மேலே சொன்ன ‘கோப்பு களை’ அப்போதுதான் சிக்கும்.

மாதிரியிலிருந்து ஸ்கீமா, ஸ்கீமாவிலிருந்து மாதிரி

‘ஜெனரேட் ஸ்கீமா’ உங்கள் ஆவணத்தைப் பார்த்து ஸ்கீமா ஊகிக்கும். ஆரம்ப வரைவாக நல்லது, அப்படியே பயன்படுத்தக் கூடாது. மாதிரியில் எல்லாப் பகுதியிலும் இரண்டு படி இருந்தால் என்ன வரம்பு வைப்பது என்று அதற்குத் தெரியாது. ‘007’ என்ற பாக எண்ணைப் பார்த்து முழுஎண் வகை கொடுத்துவிடும். அப்புறம் யாரோ ‘7ஏ’ என்று எழுதும்போது விழும். விதவிதமான ஐந்தாறு ஆவணங்களைச் சேர்த்துக் கொடுத்து, வந்ததைக் கையால் திருத்துங்கள். ஸ்கீமா வகைகளுக்கிடையே மாற்றும் வேலையைப் பல எடிட்டர்கள் டிராங் என்ற கருவியிடம் விடுகின்றன. அது டிடிடியையும் ரிலாக்ஸ் என்ஜியையும் வாங்கி எக்ஸ்எஸ்டி கொடுக்கும், எக்ஸ்எஸ்டியை வாங்கிக்கொள்ளாது. மெனுவில் அந்தத் திசை மட்டும் இல்லாமல் இருந்தால் காரணம் அதுதான்.

எதிர்த்திசையில், ஸ்கீமாவிலிருந்து மாதிரி ஆவணம் உருவாக்குவது ஸ்டைல்ஷீட்டைச் சோதிக்க உதவும். விருப்ப எலிமென்டுகளோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என இரண்டு மாதிரி எடுங்கள். ஸ்டைல்ஷீட் உடைவது பெரும்பாலும் இரண்டாவதில்.

கேனானிக்கலைஸ், கையொப்பம்

ஒரே ஆவணத்தைப் பல விதமாக எழுதலாம் என்பதால், கையொப்பமிடும்முன் ஒரே நிலையான வடிவுக்குக் கொண்டுவருவது கேனானிக்கலைஸ். அட்ரிபியூட்டுகள் வரிசைப்படும், எல்லாமே இரட்டை மேற்கோளாகும், காலி எலிமென்ட் திறப்பு-மூடல் ஜோடியாகும், அறிவிப்பு வரி போய்விடும், குறியாக்கம் யுடிஎஃப்-8 ஆகும். உரைக்குள் உள்ள இடைவெளியை அது தொடாது. ஆகவே கையொப்பமிட்ட ஆவணத்தை ஃபார்மேட் செய்தால் கையொப்பம் செல்லாது. உள்தள்ளல் இடைவெளி ஒன்று கூடினாலும் ‘வெரிஃபை’ தோற்கும். ஃபார்மேட், வேலிடேட், கமிட், கடைசியாகச் சைன் என்பதே வரிசை. கோப்பைத் திறந்ததுமோ சேமிக்கும்போதோ தானாக ஃபார்மேட் செய்யும் அமைப்பு இருந்தால் முதலில் அணைத்துவிடுங்கள்.

பெரிய கோப்புகள்

ஆவணத்தை மரமாக நினைவகத்தில் வைக்கும் கருவிகளுக்குக் கோப்பின் அளவைப்போல் பல மடங்கு நினைவகம் தேவைப்படும். நூற்றுக்கணக்கான எம்பி உள்ள கோப்பில் எக்ஸ்பாத்தோ ஃபார்மேட்டோ ஓட்டினால் எடிட்டர் உறைந்து நிற்பது இதனால். பெரிய கோப்புகளுக்கான வாசிப்பான் மெனுவில் இருந்தால் அதில் திறந்து வேண்டிய பகுதியை மட்டும் வெட்டியெடுங்கள். முன்பின் தெரியாத இடத்திலிருந்து வந்த சிறிய கோப்பே நினைவகத்தை விழுங்கினால் வேறு சந்தேகம் வர வேண்டும்: ஒன்றுக்குள் ஒன்றாக விரியும் என்டிட்டிகளை வைத்துக் கணினியை முடக்குவது பழைய தந்திரம். அத்தகைய கோப்புகளுக்கு வெளி என்டிட்டிகளையும் டிடிடி வாசிப்பையும் அமைப்பில் அணைத்துவிட்டுத் திறங்கள்.

வெளிக் கருவிகளைச் சேர்த்தல்

மெனுவின் அடியில் ‘எக்ஸ்டர்னல் டூல்ஸ்’ இருக்கும். கட்டளைவரிக் கருவி எதையும் இங்கே ஒரு மெனு வரியாக்கலாம். கட்டளை, அதற்கான அளபுருக்கள், வேலைக் கோப்புறை மூன்றையும் நிரப்ப வேண்டும். தற்போதைய கோப்பைக் குறிக்கும் மாறியை எடிட்டரின் பட்டியலிலிருந்து செருகுங்கள், அதை இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். இல்லையென்றால் கோப்புப் பெயரில் ஓர் இடைவெளி இருந்தாலே கருவி அதை இரண்டு கோப்பாக நினைத்து ‘காணவில்லை’ என்னும். வேலைக் கோப்புறையைக் காலியாக விட்டால் சார்புப் பாதைகள் எடிட்டர் நிறுவப்பட்ட இடத்திலிருந்து கணக்காகலாம். தற்போதைய கோப்பின் கோப்புறை மாறியையே கொடுங்கள்.

வெளிக் கருவி வாசிப்பது வட்டில் உள்ள கோப்பை, திரையில் உள்ளதை அல்ல. ‘திருத்திவிட்டேன், ஆனாலும் அதே பிழை வருகிறது’ என்றால் தாவலின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இன்னும் சேமிக்கவில்லை. ஓட்டும்முன் தானாகச் சேமிக்கும் தேர்வு அதே சாளரத்தில் இருந்தால், டிக் போட்டுவிடுங்கள்.